பஞ்சு மாதிரி என்று நான் சொன்ன போன்

அக்கா,

இன்று காலை கூரியரில் ஒரு புதுப் போன் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் பிளாஸ்டிக்கும் பசையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. நாம் வேலை பார்த்த மூலக்குளம் போன் கடையில் ஒவ்வொரு பெட்டியையும் முகர்ந்துவிட்டு, "புது ஸ்கூல் பையி வாசனடி" என்பாய். போனைக் கையில் எடுத்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எடையைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன். கேமராவை நிறுத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் சேர்ந்து எத்தனை போன்களைப் பற்றிப் பேசியிருப்போம்! நீ பில் கவுண்டரில் இருந்தாய், நான் விற்பனையில். கடைக்காக ரிவ்யூ வீடியோ போடுங்கள் என்று முதலாளி சொன்னதும், மாடியில் சரக்கு வைத்திருந்த அறையை ஒதுக்கி, வெள்ளைத் துணி கட்டி, இரண்டு விளக்கு வைத்தோம். நான் பேசுவேன். நீ படம் பிடிப்பாய், விளக்கைத் திருப்புவாய், பேசி முடித்ததும் குறை சொல்வாய்.

"ரெண்டு நிமிசம் கையில வச்சிட்டு லைட் வெயிட்டுன்றியே, பஸ்ஸுல ஒரு கையில கம்பி, ஒரு கையில போனுன்னு கிருமாம்பாக்கம் வரைக்கும் நின்னுக்கினு போயி, அப்பறம் சொல்லு பாக்கலாம்."

"அதெல்லாம் யாரு பாக்கறாங்கக்கா?"

"நீ சொல்றத நம்பறாங்கடி. அதான் எனக்கு பயமா இருக்கு."

அந்தப் பெரிய போன் வந்த நாள் உனக்கும் நினைவிருக்கும். இருநூற்று முப்பது கிராம். சுற்றிலும் ஸ்டீல் சட்டம், தட்டையான பக்கங்கள், நாலு மூலையும் செதுக்கியது போல. கம்பெனி ஆள் என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதியே கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நாலு தடவை படம் எடுத்ததில் என் மணிக்கட்டு வலித்தது. கையை உதறிவிட்டு, ஐந்தாவது தடவை சிரித்துக்கொண்டே சொன்னேன்: "பஞ்சு மாதிரி இருக்குங்க. வெயிட்டே தெரியல. முனையெல்லாம் பாருங்க, கத்தி மாதிரி, செம கெத்து!"

நீ கேமராவுக்குப் பின்னால் உதட்டைப் பிதுக்கினாய். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் உன் வீட்டுக்காரர் கடைக்கு வந்து அதே போனைக் கேட்டார். "தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். முனை மூடாத தடியான கவரும் திரைக்குக் கண்ணாடியும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். நீ தலை குனிந்தபடி பில் போட்டாய்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. இடது நெற்றிப் பொட்டில் பிளாஸ்திரியோடு நீ வந்தாய். கண்ணைச் சுற்றிக் கத்திரிக்காய் நிறம். நான் கேட்கும்போதே கேமரா ஓடிக்கொண்டிருந்தது, நம் இருவருக்குமே அது தெரியவில்லை.

"இன்னாக்கா இது?"

"போனால அடிச்சாரு. அந்த முனை."

உன் போனின் பாஸ்வேர்டைச் சொல்லு என்று கேட்டாராம். சொல்ல மாட்டேன் என்றாயாம். சோறு தின்றுகொண்டிருந்த உன்னை அப்படியே மேலிருந்து ஓங்கி ஒன்று. ரத்தம் தட்டில் ஒழுகிச் சோறு சிவந்துவிட்டது என்றாய். காதின் மேல் இரண்டாவது. நீ சரிந்த பிறகு விலாவில் உதை. கையில் இருந்த போனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்று அவர் துடைத்துப் பார்த்துக்கொண்டாராம்.

"நாலு தையலு. கதவுல இடிச்சிக்கினேன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். எங்க அம்மாவுக்கு தெரிய வாணாம், இன்னா?"

சரி என்றேன். அன்றைக்கு வேறொரு போனைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. நீ விளக்கைத் தூக்கி நிறுத்தினாய். நான் அப்போது சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளு. போன் கண்ணாடில உன் மூஞ்சி தெரியுது."

நீ தள்ளி நின்றாய்.

பிறகு உனக்குத் தலைவலி தொடங்கியது. நீ மாத்திரை மேல் மாத்திரை போட்டாய். கணக்கில் புலியான நீ, ஒரே பில்லை இரண்டு தடவை அடித்தாய். வலது கையிலிருந்து பேனா நழுவி நழுவி விழுந்தது. "கண்ணாடி மாத்துக்கா, எந்நேரமும் ஸ்கிரீனையே பாத்துக்கினு இருக்க" என்றேன். அந்த அடி எனக்கு நினைவுக்கே வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. நெற்றியில் காயம் ஆறிவிட்டதே என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை பகல், வாடிக்கையாளரிடம் மீதியை நீட்டியவள் அப்படியே கவுண்டர் மேல் வாந்தி எடுத்தாய். கீழே விழுந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பல் நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். உன் தலையை என் மடியில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "தலைல முன்னாடி அடி ஏதாவது பட்டுச்சா?" அதற்குள் வந்து சேர்ந்துவிட்ட உன் வீட்டுக்காரர், "இல்லீங்க" என்றார். நான், "பட்டுச்சு சார். இவருதான் அடிச்சாரு. மூணு வாரம் ஆவுது" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அங்கேயே என்னைக் கொன்றிருப்பார். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை. மண்டையைத் திறந்து ரத்தத்தை எடுத்தார்கள். ஆனாலும் மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

கரியமாணிக்கத்தில் உன் அம்மா வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது உன் வீட்டுக்காரர் மாலையோடு வந்தார். அந்தத் துணிச்சலை என்னென்று சொல்ல! பறைச் சத்தம் நின்றது. உன் தம்பி பந்தல் காலில் சாய்த்திருந்த சவுக்குக் கட்டையை உருவினான். முதல் அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது வாயில். பல்லும் ரத்தமும் ரோஜா மாலையில் தெறித்தன. "எங்கக்காவ எதுல அடிச்ச? சொல்றா! எதுல அடிச்ச?" என்று கத்திக்கொண்டே அடித்தான். ஆண்கள் பாய்ந்து அவனைப் பிடித்தார்கள். அப்போது அவர் புழுதியில் என் காலடிக்கு உருண்டு வந்தார். நான் மிதித்தேன் அக்கா. விலாவில், நீ சொன்ன அதே இடத்தில், குதிகாலால் இரண்டு மிதி. யாரோ என் முடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பிறகு மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டபோது அதைப் பாவமென்று சாமியாரிடம் சொன்னேன். சொன்னேனே தவிர, வருந்துகிறேன் என்று மனதாரச் சொல்ல முடியவில்லை.

பழைய அடியிலிருந்து ரத்தம் கசிந்து கசிந்து மூளைமேல் கட்டியிருந்தது என்று அறுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். அன்றைக்கு ஓடிய கேமராவில் உன் குரல் இருந்தது. "போனால அடிச்சாரு. அந்த முனை." அந்தப் பதிவைப் போலீசில் கொடுத்தேன். வழக்கு நடந்தது. வாய்தா மேல் வாய்தாவாக மூன்று வருடம் போனது. போன வருடம் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

அவருடைய வக்கீல் ஒரு லேப்டாப்பைத் திறந்தார். திரையில் நான், பளபளவென்று. "பஞ்சு மாதிரி இருக்குங்க. வெயிட்டே தெரியல." அங்கே நிறுத்தினார்.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க."

"ஆயிரக்கணக்கான பேருக்கு இத பஞ்சுன்னு சொல்லியிருக்கீங்க. பஞ்சால அடிச்சா ஆள் சாவாங்களா? அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உன் உதட்டுப் பிதுக்கல் கண்முன் வந்தது.

"அன்னிக்கு சொன்னதுதாங்க பொய். எனக்கு மணிக்கட்டு வலிச்சுது. கைய ஒதறிட்டுதான் பஞ்சுன்னு சொன்னேன். எழுதிக் குடுத்தத படிச்சேன். வீடியோ போடற நாங்க யாருமே கவரு போட்டு எடை பாக்கறது இல்ல. அவர் கவரும் கண்ணாடியும் போட்டு வச்சிருந்தாரு, நான்தான் போட்டுக் குடுத்தேன். நீங்க நிறுத்தின எடத்துலேருந்து மீதிய போடுங்க சார்."

வக்கீல் போடவில்லை. நீதிபதி போடச் சொன்னார். "முனையெல்லாம் பாருங்க, கத்தி மாதிரி, செம கெத்து!" என் சிரிப்பு அந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. நீதிபதி சாட்சிப் பொருளாக இருந்த அந்தப் போனை வாங்கி, கவரோடு உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவருக்கு ஏழு வருடம் தண்டனை. மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள். உன் தம்பி மேலும் அடிதடி வழக்கு இருக்கிறது, அது தனியாக நடக்கிறது. நான் கடையை விட்டுவிட்டேன். இப்போது வில்லியனூரில் வீட்டிலிருந்தே வீடியோ போடுகிறேன். கவர் போட்டு எடை வைக்கிறேன், நாள் முழுக்கக் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் பேசுகிறேன், முனை குத்தினால் குத்துகிறது என்கிறேன். "உனக்கு கை வலிச்சா எங்களுக்கு இன்னா" என்று வீடியோவுக்குக் கீழே எழுதுகிறார்கள். எழுதட்டும்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட் வாசலில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை.

"கோர்ட்டுல அவ்ளோ பேருக்கு நடுவுல தைரியமா சொன்னியே. அன்னிக்கே எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அவள இட்டுக்கினு வந்திருப்பனே."

"அக்காதான் சொல்ல வாணாம்னாங்கம்மா."

"அவ அப்பிடித்தான் சொல்லுவா" என்றார். பிறகு முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "வா, சாப்பிடலாம். காலையிலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல" என்று என்னைக் கூட்டிப்போனார்.

நானும் போனேன், அக்கா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போட்ட சோற்றைத் தின்றேன். மூன்று வாரம் எனக்குத் தெரிந்திருந்தது. கரியமாணிக்கத்துக்குப் பஸ் தினமும்தான் போய்க்கொண்டிருந்தது.