மைத்துனர் காரில் ஏரியூர் போனது

வியாழன், இரவு.

கல்குவாரி எடைமேடையில் வேலை பார்த்த முருகேசனை இன்று காலை நிறுத்திவிட்டார்கள். போனில் சொன்னது அவர் மனைவி. லாரிகளில் அளவுக்கு மேல் கல் ஏற்றுவதை என் பத்திரிகைச் செய்திக்காக எனக்குச் சொன்னவர் முருகேசன்தான். அந்தப் பக்கம் இனி எந்தக் குவாரியும் அவரைச் சேர்க்காது.

இப்படிப்பட்டவர்களைப் பார்க்கப் போகும்போது என் போனை வீட்டிலேயே வைத்துவிடுவேன். நோட்டில் பெயர் எழுத மாட்டேன். போன வாரம் என் பழைய கார் அதியமான்கோட்டை பட்டறையில் கிடந்தது. மைத்துனரின் புதுக் காரை வாங்கிக்கொண்டு, இருட்டிய பிறகு ஏரியூர் போனேன். முருகேசன் வீட்டருகே முக்கால் மணி நேரம் நிறுத்தியிருந்தேன்.

அந்தக் கார் போன இடமெல்லாம் எதிலாவது தெரியுமா என்று மாலையில் மைத்துனரிடம் கேட்டேன்.

"ஆமாங்க மாமா, வண்டி எங்க நின்னாலும் என் போன்ல காட்டுமுங்க. ஞாயித்துக்கெழம ஒரு கல்யாணத்துல குவாரி மேனேஜரு நம்பவே மாட்டேன்னாருங்க. நீங்க ஏரியூர்ல எந்த வூட்டுகிட்ட நின்னீங்கன்னு எடுத்துக் காட்டுனேன். மனுசன் அசந்துட்டாரு!"

பெருமையாகச் சிரித்தார்.

எட்டு மணிக்கு முருகேசனே பேசினார். "நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க சார், அது எனக்குத் தெரியுமுங்க. காட்டிக் குடுத்தது யாருன்னு மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க."

விசாரிக்கிறேன் என்றேன். விடை தெரிந்த பிறகு அந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

நாளை காலை பத்து மணிக்குப் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லாதது, மைத்துனர் காரில் ஏரியூர் போனது.