வெள்ளி மருந்தும் ஆசாரியாரின் வலது காலும்

ஆசாரியாரே,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் கையைச் சுட்டுக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளி ஆயின்மென்ட் மூடியைத் திறந்தேனோ இல்லையோ, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று அவள் முறைத்தாள். எல்லாம் உங்களால் வந்தது.

மருந்தை உரைகல்லில் உரசிப் பார்த்த மனிதர் உங்களைத் தவிர வேறு யார்? தொண்ணூறுகளின் நடுவில், வலது பாதத்தில் சர்க்கரைப் புண்ணோடு மானகிரியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். நான் அங்கே கட்டுப்போடும் நர்ஸ். இதில் வெள்ளி உப்பு இருக்கிறது, கிருமியைக் கொல்லும் என்று சொல்லி மருந்தைக் கொடுத்தனுப்பினேன். நகை செய்கிறவரிடம் வெள்ளி என்று சொன்னது என் தப்புதான். நாலு நாள் கழித்து, நாற்றமெடுத்த காலோடு வந்து எனக்காகப் பரிதாபப்பட்டீர்கள்.

"கல்லுல ஒரசிப் பாத்தேன் சிஸ்டர், ஒரு கோடு விழுகல. இதுல வெள்ளியே இல்ல. ஒங்கள நல்லா ஏமாத்திப்புட்டாக."

மருந்தைப் புண்ணில் தடவவே இல்லை நீங்கள்! டாக்டர் பார்த்துவிட்டு, பத்து நாளில் தேறாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியதுதான் என்றார். அதற்கப்புறம்தான் காலை என்னிடம் நீட்டினீர்கள்.

தினமும் வந்தீர்கள். கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். மறுநாள் பிரித்தால் புண்மேல் பாலாடை போல அதே வழவழப்பான ஏடு. கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து தங்கள் மேல் போர்த்திக்கொள்ளும் போர்வை அது, பயோஃபிலிம் என்று பெயர், மருந்தை லேசில் உள்ளே விடாது என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தது. ஐந்தாம் நாள் நீங்கள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்:

"அழுக்கு மேலயே முலாம் பூசுறீகளே சிஸ்டர், எப்பிடி ஒட்டும்? நாங்க மொதல்ல சொரண்டித் தேச்சுட்டுல்ல பூசுவோம்."

எனக்குச் சுருக்கென்றது. டாக்டர் முன்னால் வாயே திறக்காத நான் நேராக அவர் அறைக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, எப்படிச் சுரண்டுவது என்று எனக்குக் காட்டினார். அன்று முதல் தினமும் ஏட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் வெள்ளி மருந்து. உங்களுக்கோ பாதத்தில் உணர்ச்சியே இல்லை, சுரண்டச் சுரண்ட எனக்கு வேலை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "ஓரத்துல விட்டுட்டீக பாருங்க!"

பத்தாம் நாள் கட்டைப் பிரித்தால், செக்கச்செவேலென்று புதுச் சதை. நான் போட்ட சத்தத்தில் வார்டே கூடிவிட்டது. நீங்கள் மட்டும் நிதானமாக, "சரி, வெள்ளி இருக்குன்னு ஒத்துக்கிறேன்" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எந்த டாக்டர் முன்னாலும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.

நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி கேட்டு மானகிரிக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"கடைசி வரைக்கும் ரெண்டு கால்லயும் நடந்தாக சிஸ்டர்."

அழ வந்தவள் நான். பெருமை தாங்கவில்லை ஆசாரியாரே, இன்றைக்கும்தான்.