அப்பாவின் எஞ்சினுக்கு அம்மாவின் எண்ணெய்

கிவியோலி, எஸ்டோனியா
4 மே 2015

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் கப்பல் எஞ்சின் நலமா? நீங்களும் நலம்தானே? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

அம்மா சாதித்துவிட்டாள். பாறையைச் சுட்டு எடுத்த கல்லெண்ணெய்க்குள் ஹைட்ரஜனை அழுத்திச் செலுத்தி, கந்தகத்தைத் துரத்திவிட்டாள். மிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பால்டிக் கடலில் கப்பல் எண்ணெய்க்கு வந்திருக்கும் புதுச் சட்டத்துக்கு அது போதும். பிரிந்த கந்தகம் ஆலை முற்றத்தில் மஞ்சள் மஞ்சளாகக் குவிந்திருக்கிறது. கல்லெண்ணெய் இப்போது நல்லெண்ணெய்!

ஆனால் எந்தக் கப்பலும் அதை எரித்துப் பார்க்க முன்வரவில்லை. ஜூன் முடிவதற்குள் ஒன்றாவது வராவிட்டால் அம்மாவின் பிரிவை மூடிவிடுவார்களாம். போன நடுக்கோடைத் திருவிழா நெருப்பின் முன்னால், ஊரே கேட்க, "விர்வேயோட எண்ணெயா? இந்தத் தீயில ஊத்தத்தான் லாயக்கு" என்றீர்களே, அன்றிலிருந்து அம்மா உங்கள் பெயரையே சொல்வதில்லை. நீங்களும் தாலினில் அறை எடுத்துப் போய்விட்டீர்கள்.

அதனால் ஒரு சின்ன வேலை செய்தேன். ஆலை மேலாளரைக் கடையில் பார்த்து, "எங்கப்பா அவரு கப்பல்ல ஊத்தத் தயாராம் சார், கேக்கத்தான் வெக்கப்படுறாரு" என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

கோபப்படுவதற்கு முன் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள்.

உங்கள் ஒரே வாலு,
லேலோ

*

கப்பலிலிருந்து
15 மே

அடியே லேலோ,

உன் கடிதத்துக்கு முன்பே கேப்டன் வந்து, "பெரிய மனசுய்யா உனக்கு!" என்று முதுகில் தட்டினார். எதற்கென்றே தெரியாமல் நன்றி சொல்லித் தொலைத்தேன். கம்பெனி ஒப்புக்கொண்டாயிற்று. இனி மறுத்தால் என் மானம் போகும்.

எஞ்சின் நின்றால் நடுக்கடலில் தவிப்பது நாங்கள். கந்தகம் கூடினால் கப்பலைத் துறைமுகத்தில் பிடித்துவைப்பார்கள், என் வேலையும் போகும். அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதுவேன். உன் அம்மாவுக்காகப் பூசி மெழுகமாட்டேன்.

நீ அனுப்பிய கறுப்பு ரொட்டிக்குள் ஜாமுக்குப் பதில் கடுகு விழுது. நாக்கு இன்னும் எரிகிறது.

அப்பா,
அய்வார்

*

ஹாம்பர்க்
9 ஜூன்

லேலோக் கண்ணு,

எரிந்தது! தாலினிலிருந்து இங்கே வரை எஞ்சினுக்கு ஒரு இருமல் இல்லை, தும்மல் இல்லை. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். குறையே கிடைக்காத எரிச்சலில் உதவியாளனைத் திட்டினேன். துறைமுக அதிகாரி எண்ணெயைச் சோதித்துவிட்டு, "எங்கய்யா வாங்குனீங்க?" என்றார். "என் பொண்டாட்டி காய்ச்சினது" என்றேன். தானாக வந்துவிட்டது வாயில். அறிக்கையில் அதை எழுத முடியவில்லை. மற்றதெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன்.

அவள் கதவைத் திறப்பாளா? கேட்டுச் சொல்.

அப்பா

*

கிவியோலி
16 ஜூன்

அன்புள்ள அப்பா,

அறிக்கை வந்ததும் ஆலைச் சங்கு நேரங்கெட்ட நேரத்தில் ஊதியது. ஆட்கள் அம்மாவைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். "இறக்குங்கடா, தலை சுத்துது" என்று கத்தியவள், இறக்கியதும், "அவ்வளவுதானா?" என்றாள். மூடுகிற பேச்சே இல்லை. இன்னொரு உலை கட்டப் போகிறார்கள்.

மேலாளர் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அம்மா என் காதைத் திருகினாள், பிறகு அதே காதில் முத்தம் வைத்தாள். அந்தச் சமயம் பார்த்து உங்கள் கேள்வியைக் கேட்டேன். என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்துதான், என் குறும்பு இல்லை. சத்தியம்.

லேலோ

அய்வார்,
அடுத்த தொட்டி எண்ணெய் எப்போது வேண்டும்? எழுத வேண்டாம். நேரில் வந்து சொல்லவும்.
விர்வே