படம் முடியும் வரை

ஏப்ரல் 12, சனி

உப்பூர் அங்கன்வாடிச் சுவரில் யானையை வரைந்து முடித்துவிட்டு வந்தேன். கையெல்லாம் எனாமல் பெயிண்ட். வீட்டுக்குள் நுழைந்ததும் இவர் சொன்னார்: "அண்ணன் கேட்டுட்டாக ஈஸ்வரி. நான் சரின்னுட்டேன்."

திருப்பூரில் இருக்கும் இவருடைய அண்ணன் தங்கசாமிக்கும் முருகலட்சுமி அக்காவுக்கும் பிள்ளை இல்லை. எங்களுக்கு இரண்டு பெண்கள். சின்னவள் சிநேகாவை வளர்க்கக் கேட்கிறார்கள். ஐந்து வயது. பள்ளிக்கூடம் திறக்கும் முன் அனுப்பிவிட வேண்டுமாம்.

சோறு போட்டேன். ரசம் ஊற்ற மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 14

மாமனார் போன பிறகு இவரைப் படிக்க வைத்தது அண்ணன்தான். தெரியும். நன்றி வேண்டியதுதான். அதற்கு என் பிள்ளையா? ஊரெல்லாம் வாயாடி என்று பேரெடுத்தவள் நான். இதற்கு மட்டும் ஏன் வாயில் கொழுக்கட்டை?

இவர் சமாதானம் சொன்ன அழகு: "வேணும்னா அவள ஒரு படம் வரைஞ்சு வச்சுக்கயேன்."

"சரி. படம் முடியட்டும், அப்புறம் அனுப்புறேன்" என்றேன்.

ஏப்ரல் 17

வாட்டர் கலர் எடுத்தேன். சுவர் சுவராகப் பளிச்சென்று ஆப்பிளும் கிளியும் வரைந்து சலித்துவிட்டது. இவளையாவது மெல்லிய நிறத்தில் வரைய வேண்டும், அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. ஆனால் உட்கார்ந்தால்தானே! மூக்கில் ஈ, காலில் எறும்பு, ஒன்றுக்கு வருகிறது.

ஏப்ரல் 23

படம் நன்றாக வந்துவிட்டது. அதுதான் பயம். நாளைக்கே முடிந்துவிடும்போல் இருந்தது. ஈரத்துணியால் படத்தின் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

ஏப்ரல் 30

மறுபடி துடைத்தேன்.

மே 6

துடைக்கத் துடைக்க நிறம் தாளுக்குள் இறங்குகிறது. முடி சாம்பலாகி, பாவாடைச் சிவப்பு செங்கல் பொடியாகி — நான் நினைத்ததைவிட அழகு. எரிச்சலாக வருகிறது.

பக்கத்து வீட்டு சண்முகவள்ளி மதினி எட்டிப் பார்த்தார். "என்ன ஈஸ்வரி, புள்ள வெளுத்த சேல கணக்கா இருக்கா? நாலு கலர அள்ளிப் பூசுவியா!"

வேலையிலும் கை ஓடவில்லை. இன்று கிளிக்கு மூன்று கால் போட்டுவிட்டேன்.

மே 15

அக்கா போன் செய்தார். "படம் முடிஞ்சிருச்சா?"

"கண்ணு இன்னும் சரியா வரலக்கா."

பொய். கண்தான் முதலில் வந்தது. அக்கா சின்னக் கட்டில் வாங்கியிருக்கிறாராம். சொல்லும்போதே குரலில் அத்தனை சந்தோஷம். நல்ல மனுஷி. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்!

மே 21

காலையில் இவர் படத்தின் முன் நின்று, "முடிஞ்ச மாதிரிதான இருக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வருகிறார்களாம்.

மதியம் துணியை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெற்றியில் வைத்துத் தேய்க்கும்போது பின்னால் சிநேகா. எப்போதிருந்து நின்றாளோ.

"அம்மா, என்னைய ஏன் அழிக்கிற?"

என்னத்தச் சொல்ல? ஒன்ன அனுப்ப மனசில்லன்னா? அத வாயத் தொறந்து சொல்ல வக்கில்லாம, இத்தன நாளா புள்ள மூஞ்சியவா தொடச்சுக்கிட்டுக் கெடந்தேன்? ச்சே!

மே 25, ஞாயிறு

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும்.

"பெரிய மச்சான், புள்ளயத் தர மாட்டேன்."

இவருடைய அண்ணன் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்னடி பேசுற?" என்று இவர் கத்தினார். "அனுப்புறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க" என்றேன். அக்கா சிநேகாவின் தலையைத் தடவிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மே 28

இவர் பேச்சை நிறுத்திவிட்டார். நான் படத்தை முடித்தேன். நெற்றியில் துணி பட்ட இடம் தெரிகிறது. இருக்கட்டும்.

ஜூன் 2

சிநேகாவுக்கு ஒன்றாம் வகுப்பு. இவர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் இவரே வண்டியை எடுத்து, அவளை முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.

சாயங்காலம் அக்காவின் போன். எடுக்கவே பயமாக இருந்தது.

"எம்மேல கோவமா ஈஸ்வரி?"

"இல்லக்கா."

"எனக்கு ஒம்மேல இருக்கு. நெறய இருக்கு."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன்.

"புள்ள பள்ளிக்கூடத்துல அழுதாளா?" என்றார்.

அழவில்லை என்றேன். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பேச வரவில்லை, போனையும் வைக்கவில்லை.