டொபோகனில் வந்த சுமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், நீ நலமா என்பதில்தான் எங்களுக்கு இப்போது சந்தேகம், அதனால் நடுவில் நழுவாமல் கடைசிவரை படி.

வேலை பார்க்கும் மலை ஓட்டலிலிருந்து அடிவாரம்வரை பனியில் டொபோகனில் ஜாலியாக வந்ததாக எழுதியிருந்தாய். அகராதி அலுவலகத்தில் ஐந்து வருஷமாக ‘ட’ வரிசையோடு மல்லுக்கட்டும் நான் அந்தச் சொல்லை விடுவேனா? கனடாவின் மிக்மாக் என்ற பழங்குடி மக்கள் பனியில் சுமை இழுக்க வைத்திருந்த பலகைவண்டியாம் அது, பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரைத் தங்கள் வாய்க்கு வளைத்தார்கள், ஆங்கிலேயர்கள் அவர்களிடமிருந்து சுட்டுக்கொண்டார்கள். சக்கரம் கிடையாது, பிரேக் கிடையாது, உன் சித்தப்பாவின் ஸ்கூட்டருக்குச் சக்கரமாவது உண்டு.

எங்கள் ஆபீஸில் ஒவ்வொரு சொல்லுக்கும் யாராவது நிஜமாக எழுதிய வாக்கியம் ஒன்று வேண்டும். நான் பெருமை பொங்க உன் வரியையே அட்டையில் எழுதினேன்: ‘போர்வை போர்த்தி, பெல்ட் கட்டி, டொபோகன்ல மகாராணி மாதிரி படுத்துக்கிட்டே வந்தேன், ரெண்டு பேர் பிடிச்சுக்கிட்டாங்க.’ மூன்று நாள் எல்லோரிடமும் காட்டிப் பல்லை இளித்தேன். நாங்கள் பூதக்கண்ணாடி என்று கூப்பிடும் பதிப்பாசிரியர் மட்டும், “சுமை இழுக்கிற வண்டின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, இதுல சுமை எங்க சார்?” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஆளைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அகராதியைத் தலைக்கு வைத்துப் படுக்கக்கூட எடுக்காதவள், ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “எந்தக் காலுங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பனிமலையில் கால் உடைந்து நடக்க முடியாதவர்களைத்தான் இப்படிப் போர்த்திக் கட்டிப் படுக்கவைத்து இறக்குவார்கள், அந்த வண்டியின் சுமையே நீதான். சைக்கிளில் விழுந்து வலது கை முறிந்ததை, இடது கையால் எழுதிப் பழகுகிறேன் என்று ஒரு நாள் முழுக்க மறைத்தவள்தானே நீ, என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது? வலிக்கிறது என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்? மாவுக்கட்டுக்குள் பென்சிலை விட்டுச் சொறியாதே. ஓட்டல்காரன் கூப்பிட்டாலும் டாக்டர் சொல்லும்வரை வேலைக்குப் போகாதே.

சீக்கிரம் நீ நேராக நின்று நடக்க எங்கள் ஆசிகள். பதிலை உடனே போடு. அம்மா உன்னோடு பேசப் போவதில்லையாம், ஆனால் கட்டுக்கு மேல் நுழையட்டும் என்று உன் பழைய பேண்டின் தையலைப் பிரித்து ஜிப் வைக்கிறாள். எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு காலையும் பிரித்துவிட்டாள்.

இப்படிக்கு,
மூன்று நாள் இளித்த உன் அப்பா