அண்ணனின் நானூறு மீட்டரும் என் சோறும்

என் பொறாமைக்குரிய அண்ணா,

ஆழ்ந்த வருத்தத்துடன் ஓர் அறிவிப்பு: நம் தீவின் ஷாதிபூர் வீட்டில், என் தட்டில் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்த சோறு காலமாகி இருபத்தொரு நாள் ஆகிறது. உருளைக்கிழங்கும் துக்கம் தாளாமல் கூடவே போய்விட்டது. இப்போது முட்டை, மீன், மறுபடி முட்டை.

காரணம் நீதான். சட்டையில்லாமல் கோப்பையோடு நிற்கிறாயே, கூடத்துச் சுவரில், அந்தப் போட்டோ. எனக்குத் தொப்பை எட்டிப் பார்த்தது. உனக்கு இனி வரவே வராது. இது நியாயமா? வருகிற மாதம் உன் வயதைத் தாண்டிவிடுவேன். அப்புறம் நம்மில் யார் அண்ணன்?

"அவன் மூணு தட்டுச் சோறு அமுக்குவான், தொப்பையா வந்துச்சு? நக்ரா, பிகு எல்லாம் பண்ணாம தின்னுடா" என்கிறாள் அம்மா. வீட்டுக்கு யார் வந்தாலும் உன் கோப்பையைத்தான் காட்டுகிறாள். உன் நானூறு மீட்டர் நேரத்தை முறியடித்தால் ஒரு தடவையாவது என்னைக் காட்டுவாள் அல்லவா?

வயிறு ஒட்டிவிட்டது, பொய்யில்லை. சிக்ஸ் பேக்கில் இரண்டு வந்தாயிற்று, மீதி நான்கு மெயின்லேண்ட் கப்பலில் வருகிறது. ஆனால் மைதானத்தில் முதல் இருநூறு பறக்கிறேன். அப்புறம் தொடையில் யாரோ சிமெண்ட் ஊற்றிவிடுகிறார்கள்.

"க்யா ரே, முதல் பாதி உன் அண்ணன் ஓடுறான், அடுத்த பாதி உன் தாத்தா ஓடுறாரு!" என்று சிரிக்கிறார் உன் பழைய கோச். "இவ்ளோ வேகத்துக்கு உடம்பு சோத்தைத்தான் எரிக்கும். உள்ள ஒண்ணுமில்லாம எதைடா எரிப்ப?"

போன ஞாயிறு உன் திதி. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடம். சாம்பார் சோறும் உனக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலும் இலையில் போட்டு, காக்காவுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு அம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தால் இலை காலி.

"பாருடா, ஒரு பருக்கைகூட விடல. எம்புள்ள வந்து சாப்பிட்டுப் போயிருக்கான்" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

அன்று மாலை கடைசி இருநூறிலும் என் கால் துவளவில்லை. உன் நேரத்துக்கு ஒரே ஒரு விநாடி பாக்கி. "இன்னிக்கு என்னடா சாப்பிட்ட?" என்றார் கோச். "முட்டைதான் சார்."

நாளையிலிருந்து நானும் மூன்று தட்டு. அந்த ஒரு விநாடியை உன்னிடமிருந்து பிடுங்காமல் விடமாட்டேன். அடுத்த திதிக்கு உன் இலைக்கு நானே காவல் நிற்பேன், சத்தியம்.

அம்மா சிரித்து ரொம்ப நாளாயிற்று, அதனால் அவள் கனவில் வந்தால் மட்டும் உளறிவிடாதே. அந்தக் காக்கா நான்தான்.

உன் பங்கையும் தின்ற,
உன் ஒரே தம்பி