மகன் குடிக்கும் பொடி

மார்ச் 3
எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருமகள் போனில் ஒரு பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள், பேசினால் எழுத்தாகிவிடுகிறது. செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசினால்தான் இதற்குப் புரிகிறது. பழகிவிட்டேன்.

இன்றைக்கும் காலையில் குளியலறை கிடைக்கவில்லை. மகன் உள்ளே போனால் வருவதே இல்லை. தட்டினால் "அஞ்சு நிமிஷம்பா" என்கிறான். அவனுடைய அஞ்சு நிமிஷத்தில் ஒரு லாரி கம்பியை இறக்கிவிடலாம்.

மாதக் கடைசியில் அவனுக்கு மருத்துவப் பரிசோதனை. கிரேன் ஓட்டுகிறவன் ஏணியில் ஏறும்போது மாட்டிக்கொள்ளும் பெல்ட் இவ்வளவு எடைதான் தாங்கும் என்று உண்டு. தாண்டினால் மேலே விட மாட்டார்கள். இவன் தாண்டிவிட்டான்.

மார்ச் 6
விஷயம் தெரிந்துவிட்டது. கூட வேலை செய்யும் இன்னொரு கிரேன்காரன் – கழுத்து நீளம், எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள் – ஒரு டப்பா கொடுத்திருக்கிறான். குடலைக் கழுவும் பொடியாம். ராத்திரி வெந்நீரில் கலக்கிக் குடித்தால், வருடக்கணக்காக ஒட்டிக் கிடக்கும் அழுக்கெல்லாம் போய் எடை இறங்குமாம்.

"மூலிகைப்பா. ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னா எதுக்குடா குடிக்கிறே?"

மருமகள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 9
நாலு கிலோ போய்விட்டதாம். கன்னம் ஒட்டிவிட்டது, தொப்பை அப்படியே இருக்கிறது. அதெப்படி?

மார்ச் 10
டப்பாவைச் சட்டைக்குள் மறைத்து மருந்துக்கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"பெரியவரே, இது பேதி மருந்து. பேரு மட்டும்தான் புதுசு."

"எடை குறையுதே அம்மா?"

"தண்ணி போகுது, மலம் போகுது. கொழுப்பு போகலை. நிறுத்தினா திரும்ப ஏறிடும். குடல்ல அழுக்கு ஒட்டிக் கிடக்குங்கிறதே கட்டுக்கதை, அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும்." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "விடாம குடிச்சா உடம்புல உப்பெல்லாம் இறங்கிடும். கால் இழுக்கும், மயக்கம் வரும், நெஞ்சு படபடக்கும். ஆளு எங்கே?"

நான் கையை மேலே காட்டினேன். போய்ச்சேர்ந்துவிட்டான் என்று நினைத்தார் போல, முகம் மாறிவிட்டது. "ஐயோ இல்லம்மா, கிரேன்ல இருக்கான்" என்றேன். அப்போதும் அவர் முகம் தெளியவில்லை.

மார்ச் 11
சொன்னேன். "டப்பாவுல ஒரு எழுத்து படிக்கத் தெரியாது, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டீங்க" என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

மார்ச் 13
அவனுக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது. மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு.

நான் கிரேனுக்கு அடியில் நின்று சைகை காட்டும் வேலை பார்த்தவன். எனக்குக் கல்யாணமான வருடம், துறைமுகத்துப் பக்கம் கட்டிய கிடங்கு, மேகம் மூடிய ஒரு செவ்வாய்க்கிழமை. கூண்டுக்குள் ஆபரேட்டர் மயங்கிச் சாய்ந்தார். பச்சைச் சட்டை. கம்பிக்கட்டு தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே போனது. கீழே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அந்த இரண்டு முகமும் இன்னும் என் கண்ணுக்குள் அப்படியே இருக்கின்றன.

இவனுக்குக் கீழேயும் ஆட்கள் நிற்கிறார்களே.

மார்ச் 14
காலையில் குளியலறையில் தொம்மென்று சத்தம். கதவைத் தள்ளினால், உதடு வெளுத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். "வழுக்கிடுச்சு" என்றான். தரை காய்ந்திருந்தது. லீவு போடச் சொல்லி மருமகள் கெஞ்சினாள். கேட்காமல் கிளம்பிவிட்டான்.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து நானும் போனேன். காவலாளி உள்ளே விடவில்லை. "சூப்பர்வைசர் மீட்டிங்ல இருக்காரு. அப்புறம் வாங்க." நிமிர்ந்து பார்த்தால் கிரேன் சுமையைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, திருப்பு எல்லாம் சைகைக்காரன் காட்டினால்தான் ஆபரேட்டர் கேட்பான். நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும் கேட்க வேண்டும். குப்பை கூட்டுகிறவர் காட்டினாலும் கேட்க வேண்டும். நான் எதிர்ப்பக்க நடைபாதையில், அவன் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்றேன். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, முன்னும் பின்னும் வீசினேன்.

நின்றது. யாரென்று தெரிந்தும் நிறுத்தினான். நல்ல வேலைக்காரன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "பெரியவரே, உங்களுக்கென்ன பைத்தியமா?" பொடி, பேதி, காலையில் விழுந்தது – எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அத்தனை பேர் முன்னாலும். அவர் சுமையை இறக்கச் சொன்னார். பிறகு மகன் ஏணியில் இறங்கினான். ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று இறங்கினான். அவன் கால் தரையில் படும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.

யாரோ, "பேதி ஆபரேட்டர்டோய்" என்றான். சிரிப்பு.

"என் பொழப்பைக் கெடுத்துட்டீங்கப்பா." அவ்வளவுதான் சொன்னான்.

தப்பு பண்ணிட்டேனா? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணுமோ? எங்கே நேரம் இருந்துச்சு…

மார்ச் 15
நேற்றே சூப்பர்வைசர் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ரத்தத்தில் பொட்டாசியம் என்கிற உப்பு அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். இதயம் துடிப்பதையே தடுமாற வைக்கும் என்றார் டாக்டர். ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். நான் உள்ளே போனதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மார்ச் 19
வீட்டுக்கு வந்துவிட்டான். போன நாலு கிலோவும் கூடவே வந்துவிட்டது.

ஏப்ரல் 2
பரிசோதனையில் தேறவில்லை. எடை இறங்கும்வரை கீழே கொக்கி மாட்டும் வேலை. அவனுடைய கிரேனில் இப்போது ஒட்டகம். அளவாகச் சாப்பிடு, நட, மெதுவாகத்தான் குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து நடந்தே வருகிறான்.

என்னோடு பேச்சு இல்லை. "உங்க மாமாவை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு" என்று மருமகளிடம் சொல்கிறான். நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவளும், "மாமா, சத்தத்தைக் குறைக்கணுமாம்" என்கிறாள்.

ஏப்ரல் 21
ஒட்டகத்துக்கும் அடுத்த மாதம் பரிசோதனை. அவனும் அந்தப் பொடியை விடாமல் குடித்திருக்கிறான். இன்று ஏணிக்கு அடியில் கெண்டைக்காலை நீவிக்கொண்டு நின்றதை என் மகன் பார்த்திருக்கிறான். "வாயைத் திறக்காதேடா" என்றானாம் ஒட்டகம். இவன் நேரே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டான். ஒட்டகத்தை மேலே ஏற விடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இவன் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லையாம். காட்டிக்கொடுத்தவன் என்று பெயர். இதெல்லாம் மருமகள் சொன்னது.

சாயங்காலம் வந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். மருமகள் எங்களைப் பார்த்துவிட்டு, இரண்டு டீயையும் ஒரே தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.